மடக்குக் கத்தியும் ஆட்டுத்தோலும்

கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் திரைப்பட வில்லனின் நினைவே நம்மில் பலருக்கு எழும். அதிலும் மடக்குக் கத்தி என்றால் கேட்கவே வேண்டாம்! ஆனால் உழைப்பவன் இடுப்பில் அது வெறும் கருவியே. இயற்பியல் மாணவன் என்ற முறையில் அக்கருவியைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன்.

மேனாட்டு வேட்டைக்காரர்கள் வீழ்த்திய விலங்கின் தோலைக் காட்டிலேயே உரிப்பதற்கு மடக்குக் கத்தி வைத்திருப்பர். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960களில் வெளியிட்ட 110 ஆம் எண் கத்தி அவ்வகையில் பெரும்பெயர் பெற்றது. நம் நாட்டிலோ 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே கோடியக்கரையில் 1967 முதல் சரணாலயம் உள்ளது. அங்கே வெளிமான்களைக் கண்ணாரக் காணலாம், அவ்வளவே. ஆகவே நம் பக்கத்தில் தோலுரிக்கும் கத்திக்கு வேலை கொடுப்பது வெள்ளாடும் செம்மறியுந்தான்.

எங்கள் வட்டாரக் கொல்லுப்பட்டறையில் கதிரரிவாளும் மண்வெட்டியுமே மிகுதி. எனினும் கறிக்கடைக்காரர் ஒருவருக்காகக் கொல்லர் மடக்குக் கத்தி செய்ததை அருகிருந்து பார்த்தேன். மூலப்பொருள் பழைய லாரியின் வில்பட்டை. அதில் கரி ஏறத்தாழ 0.6 விழுக்காடு உண்டு. கட்டடக் கம்பியில் கரி குறைவு; அதை எத்தனை முறை துவைச்சல் வைத்தாலும் வேண்டிய கடினம் ஏறாது.

பட்டையை உலையிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சுகிறார். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் இரும்பு தன் காந்த இயல்பை இழக்கும். கொல்லரோ காந்தம் வைத்திருக்கவில்லை. நிறமே அவருக்கு அளவுகோல். அதற்கும் சற்று மேலே சூடேற்றி எண்ணெயில் தோய்த்ததும் எஃகு கண்ணாடிபோல் கடினமாகிறது. அப்படியே விட்டால் கீழே விழுந்தவுடன் உடையும். எனவே தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் மெல்லச் சூடாக்குகிறார். அலகு வைக்கோல் நிறம் காட்டியதும் நிறுத்துகிறார். அது 220 பாகை அளவு. கைப்பிடிக்குள் முதுகாக அமையும் வில்லை நீலநிறம் வரும்வரை, அதாவது 300 பாகை வரை விடுகிறார். ஒரே லாரிப் பட்டை. ஒன்று வெட்டவும் மற்றொன்று வளைந்து நிமிரவும் கற்றுக்கொள்வது எண்பது பாகை வேறுபாட்டால்! பாடநூலில் இரண்டு பக்கம் படித்தும் விளங்காதது அந்த நீலத்தைப் பார்த்ததும் விளங்கிற்று.

அலகின் அடிப்பகுதி தட்டையாகத் தீட்டப்பட்டிருக்கும். வில் அதன்மேல் அழுத்துவதால் விரித்தாலும் மடித்தாலும் அலகு நிலைத்து நிற்கிறது. வேளாங்கண்ணியில் மொட்டையடிக்கும் பழைய சவரக்கத்தியும் மடங்குவதே. ஆனால் அதில் வில் கிடையாது, உராய்வும் விரற்பிடியுமே காவல். வில் இருந்தும் பூட்டு இல்லையெனில், குத்தும்போது அலகு மடங்கி விரலைப் பதம் பார்க்கும். பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியில் 1955 இல் சுழலும் பூட்டு வளையம் சேர்த்தது இதற்காகத்தான்.

தோலுரிப்பதில் கத்தியின் பங்கு நாம் எண்ணுவதைவிடக் குறைவு. முதற்கீறலுக்குப்பின் கைமுட்டியால் தள்ளியே தோலைப் பிரிக்கின்றனர். முனை கூராக நீண்டிருந்தால் தோலில் ஓட்டை விழும். வயிறு வளைந்த அலகே உகந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பதனிடுசாலைகளுக்குச் செல்லும் தோலில் ஒரு கத்திக்கீறல் இருந்தாலும் தரம் இறங்கும், விலையும் இறங்கும். கறிக்கடைக்காரர் அலகின் வளைவுக்காக மூன்றுமுறை பட்டறைக்கு நடந்ததன் காரணம் அதுதான்.

கடற்காற்று இக்கத்திக்குப் பகை. மூட்டில் கொழுப்பும் இரத்தமும் தங்கினால் ஒரே இரவில் துரு ஏறும். வெந்நீரில் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். இந்த வகையில் மடங்காத கத்தியே மேல் என்பது என் கருத்து. மடிக்குள் பத்திரமாக வைக்கலாம் என்பதொன்றே மடக்குக் கத்தியின் சிறப்பு. கைப்பிடிக்கு எருமைக்கொம்பு பொருத்தினார். மான்கொம்புக்கு இன்று சட்டத்தில் இடமில்லை.

உத்தரப் பிரதேசத்து இராம்பூர் மடக்குக் கத்திக்குப் புகழ்பெற்ற ஊர். திரைப்படங்கள் அதை ரௌடியின் ஆயுதமாக்கிவிட்டன. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுடைய கத்தியின் விற்பனைக்கு அம்மாநில அரசு தடை விதிக்க, தொழில் நலிந்தது. பின்னர் 2023 இல் அதே ஊரில் இருபதடி உயரத்தில் கத்திக்குச் சிலை வைத்தனர்! நம் படைக்கல விதிகள் 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட அலகுகளை ஆயுதமாக எண்ணி, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவற்றை விலக்குகின்றன. எங்கள் கொல்லர் இந்த விதிகளைப் படித்தவரல்லர். முகம் தெரியாத ஒருவர் வந்து ஒரு சாண் நீளத்தில் மடக்குக் கத்தி கேட்டபோது, "இங்கே ஆட்டுக்கு மட்டுந்தான் அடிக்கிறது, தம்பி" என்று சொல்லிவிட்டுத் துருத்தியை ஊதத் தொடங்கினார்.