எண்ணோடையும் விடுபட்ட நாளும்

மோதி பாகிற்குக் கிழக்கே, சற்றுத் தொலைவில், சப்தர்ஜங் வானிலை ஆய்வுநிலையம் அமைந்துள்ளது. 2024 ஜூன் 28 அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் அங்கு 228.1 மி.மீ. மழை பதிவாயிற்று. 1936 ஜூனில் பதிவான 235.5 மி.மீ.க்குப் பின்னர், ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அங்குப் பெய்த மிகப் பெரிய மழை இதுவேயாகும். நாள்தோறும் வந்து சேரும் இத்தகைய எண்களைக் கணிப்பொறியில் முறையாகக் கையாளும் வழிகளுள் ஒன்று எண்ணோடை.

ஓடையின் வகைகள்

பொருள்நோக்கு மொழியான ஜாவாவில், 2014 மார்ச்சில் வெளிவந்த 8ஆம் பதிப்பு முதல் மூவகை எண்ணோடைகள் உள்ளன. முழு எண்ணுக்கு இன்ட்ஸ்ட்ரீம், நீண்ட முழு எண்ணுக்கு லாங்ஸ்ட்ரீம், பின்ன எண்ணுக்கு டபிள்ஸ்ட்ரீம் என்பன அவை. சாதாரண ஓடையில் ஒவ்வோர் எண்ணும் ஒரு பொருளுக்குள் பொதியப்படுகிறது. 4 பைட்டு அளவே உள்ள எண், பொதிந்தபின் வழக்கமாக 16 பைட்டு இடத்தைக் கொள்கிறது. எண்ணோடையில் பொதிதல் இல்லை. ஆகவே இடமும் காலமும் மிச்சமாகின்றன.

விடுபட்ட நாள்

இச்சிக்கனத்திற்கு ஒரு விலை உண்டு. பொதிந்த பொருள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருத்தல் இயலும். பொதியாத எண்ணுக்கு வெறுமை என்னும் நிலை கிடையாது. ஒரு பள்ளி மழைமானியில் ஐந்து நாள் அளவுகள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, 120, 0, (விடுபட்டது), 300, 60 எனக் கொள்ளலாம். விடுபட்ட நாளை நீக்கினால் கூட்டுத்தொகை 480. நான்கு நாள் சராசரி 120, அதாவது 12.0 மி.மீ. அந்நாளைப் பூஜ்யமென்று எழுதிவிட்டால் சராசரி 9.6 மி.மீ. ஆகக் குறைகிறது. அடையாளத்திற்காக −1 என்று எழுதினால் அதுவும் கூட்டலில் சேர்ந்துவிடும். எனவே, விடுபட்டவற்றை ‘ஃபில்டர்’ கொண்டு முதலில் நீக்கி, அதன் பின்னரே ‘மேப்டுஇன்ட்’ வழியாக எண்ணோடையாக மாற்றுதல் வேண்டும். மழையில்லா நாளின் பூஜ்யமோ உண்மையான அளவு. அதை நீக்குதல் கூடாது.

வெற்றோடை

எல்லா நாள்களும் விடுபட்டிருப்பின் ‘சம்’ 0 எனத் தரும். ‘ஆவரேஜ்’ எண் எதையும் தராமல், ‘ஆப்ஷனல்டபிள்’ என்னும் வெற்றுப் பொருளைத் தரும். ஆனால் ‘சம்மரிஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ அளிக்கும் தொகுப்பில் சராசரி 0.0 என்றே தோன்றும். அளக்கப்படாத மாதம், மழையே பெய்யாத மாதம் போலக் காட்சியளிக்கும். இப்பிழையைத் தவிர்க்க, அதே தொகுப்பிலுள்ள எண்ணிக்கையை முதலில் பார்த்தல் வேண்டும். சராசரியைப் பதிவேட்டில் எழுதும்போது, அது எத்தனை நாள்களுக்குரியது என்பதையும் உடன் எழுதுவதே முறை.

பயிற்சி

ஏழு நாள் அளவுகள் 50, 0, (விடுபட்டது), 250, 0, (விடுபட்டது), 100. சராசரி யாது? (விடை: ஐந்து நாள்களுக்கு 8.0 மி.மீ.)