பாடத்திட்டத்திற்கு முன் மூன்று கேள்விகள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் பகுதிகளில், பள்ளிக்கூட நேரம் போக மக்தபுக்கு மிஞ்சுவது சிறு பொழுதுதான். அதில் சூராக்கள் மனனமா, தஜ்வீதா, மஸாயிலா, நபிமார்கள் வரலாறா? எல்லாம் நல்லவையே. ஆனால் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். எனவே பாடத்திட்டம் வகுப்பது கிதாபுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டுமன்று. மனிதன் எதற்காகக் கற்கிறான் என்பதற்கு விடை கூறும் பொறுப்புமாகும்.

1. எதைக் கற்பிப்பது?

கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்பது நபிமொழி. அது எந்தக் கல்வி? இதில் அறிஞர்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிரிவினராகக் கருத்து வேறுபட்டார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு துறையினரும் தத்தம் துறையையே சுட்டினார்களாம். இமாமவர்களின் விடை எளியது: ஒரு கடமை வந்து சேரும்போது அதன் கல்வியும் கடமையாகிறது. பருவமடைந்தவன் முதலில் கலிமாவின் பொருளை அறியவேண்டும். லுஹர் வந்தால் தொழுகையை. ரமளான் வந்தால் நோன்பை. பொருள் சேர்ந்து ஆண்டு நிறைந்தால் ஜகாத்தை.

இந்த அளவுகோலை நம் பிள்ளைகளிடம் வைத்துப் பாருங்கள். பருவமடையும் பெண்பிள்ளைக்குச் சுத்தம் பற்றிய சட்டங்கள் உடனே தேவை. பட்டறை வேலைக்குப் போகும் பையனுக்குக் கூலி, கடன், அமானிதம் பற்றிய சட்டங்கள் தேவை. ஒட்டகத்தின் ஜகாத் கணக்கை ஒப்பிப்பவன், கடனை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் பணிப்பதை அறியாமல் வெளியேறினால், குறை பிள்ளையிடம் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

2. எந்த வரிசையில்?

முதலில் மொழியும் கணக்கும், பிறகு குர்ஆன். அப்போதுதான் பொருள் விளங்கும் என்றார்கள் அந்தலூஸின் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்). 1377-இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்) இதனை மெச்சினார்கள். எனினும், வளர்ந்தபின் பிள்ளை படிப்பை விட்டுவிடக்கூடும்; சொல் கேட்கும் வயதிலேயே குர்ஆனை ஓதவைத்துவிட வேண்டும் என்று மக்கள் அஞ்சுவதையும் எடுத்துக்காட்டினார்கள்.

நம் பகுதியில் இவ்வச்சம் நியாயமானதே. ஆகவே ஓதுதல் முந்தட்டும். ஆனால் தொழுகையில் ஓதுவதன் பொருளையேனும் தமிழில் அப்போதே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். ‘பிறகு’ என்பது வராமலே போகலாம்.

3. யாருக்காக?

மருத்துவமும் கணிதமும் ஃபர்ளு கிஃபாயா என்றார்கள் கஸ்ஸாலி இமாம். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் ஊரே குற்றத்திற்கு ஆளாகும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அம்மாத இறுதியில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். காற்றையும் நீரையும் சோதித்தறிந்து அண்டை வீட்டாரைக் காக்கும் கல்வியை ‘உலகக் கல்வி’ என்று ஒதுக்க முடியுமா? அதற்குரிய எண்ணத்தை விதைப்பதும் மக்தபின் வேலையே.

பெற்றோர்களே! ‘எந்தக் கிதாபு முடிந்தது?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘என் பிள்ளை இன்றோடு நின்றுவிட்டால் எதை எடுத்துச் செல்லும்?’ என்று உஸ்தாதிடமும் நிர்வாகிகளிடமும் அமர்ந்து பேசுங்கள்.

பயன்தரும் கல்வியை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.