சிறு புண்ணும் பெரு நோவும்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைக் கண்டோர், அவற்றைச் சூழ்ந்த கிளுவைமுள் வேலியையும் பட்டி காக்கும் நாயையும் மறவார். அவ்வேலியில் நுழைந்து திரியும் நாய்க்கு முட்கீறல் புதிதன்று. மஞ்சளை வேப்பெண்ணெயிற் குழைத்துத் தடவுவர். புண்ணும் பெரும்பாலும் ஆறிவிடும். எனினும், ஓரிரு நாளில் உயிரைக் கொள்ளும் புண்ணும் அரிதாக உண்டு. அதனை அறியுமாறு யாங்ஙனம்?

சென்ற கோடை விடுமுறையில் எம் மாமன் தோட்டத்து நாய் ஒருநாட் காலை நொண்டி வந்தது. பின்காலிற் கடுகளவு புண்ணே இருந்தது. சுளுக்கென்று வாளா இருந்தோம். மாலையில் அக்காலைத் தொட்ட அளவிலே அலறிற்று, உடல் கொதித்தது, சோற்றை முகரவுமில்லை. மறுநாள் மருத்துவரிடம் கொண்டு செல்லுமுன் தொடை வீங்கித் தோல் கறுத்துவிட்டது. அன்று மாலையே இறந்தது.

தசையைப் போர்த்திருக்கும் மெல்லிய உறையின் வழியே கிருமிகள் விரைந்து பரவித் திசுக்களை அழுகச் செய்யும் நோய் இஃது. தமிழில் 'தசையுறை அழுகல்' எனலாம். இதனை விளைப்பனவற்றுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்னும் கிருமி. 1986-ல் இப்பெயர் பெற்றது. நலமுள்ள நாயின் உடலிலும் இது தீங்கின்றி வாழ்வதுண்டு. ஆழத்திற் புகுந்தபோதே பகையாகின்றது. அழுகல் உள்ளே ஓட, மேற்றோல் முதலில் மாசற்றதுபோல் தோன்றும். ஆதலின் புண்ணின் அளவிற்கு மிஞ்சிய நோவே முதல் அடையாளம். பின்னர்க் கிருமியின் நஞ்சு குருதியிற் கலந்து உடல் முழுதையும் தளர்விக்கும்.

நம் உழவர் அறிந்த மாட்டுச் சப்பை நோயும் தசையை அழிப்பதே. ஆயின் அதன் கிருமி வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு, இதற்கில்லை.

சிகிச்சையில் முதலிடம் கத்திக்கே. அழுகிய பகுதியை நல்ல திசு தோன்றுமளவும் அறுத்து நீக்கவேண்டும். நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவர். பெனிசிலின் இனத்து மருந்து கிருமியைக் கொல்லும். கிளிண்டாமைசின் நஞ்சு சுரப்பதைத் தடுக்கும். கண்ட மருந்தைத் தாமே கொடுத்தல் கேடு பயக்கும். 1990-களில் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்நோயுற்ற நாய்கள் சிலவற்றிற்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுக்கப்பட்டிருந்தது. அம்மருந்து இக்கிருமியுள் உறங்கும் நுண்ணுயிரியுண்ணி ஒன்றை எழுப்புகிறதென்றும், அதில் நஞ்சினை ஒத்த பொருளை ஆக்கும் மரபணு உளதென்றும் 2003-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

தலைவன் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் அவனைக் கண்டு வாலாட்டும் நாயின் அன்பை நாலடியார் போற்றுகின்றது. அத்துணை நோவையும் பொறுக்கும் உயிர், கடுகளவு புண்ணுக்கு அலறுமாயின், அவ்வலறலைப் பொய்யென்று எண்ணலாமோ? கொங்கு நாட்டில், நாமக்கல்லில், 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உளது. ஊர்தோறும் மருந்தகங்களும் பெருகியுள்ளன. குறை மருத்துவத்தில் அன்று, நம் தாமதத்தில். யாம் இழந்தது ஒரு பகற்பொழுதே. அப்பொழுதே அந்நாயின் உயிராக இருந்தது.