தம்பி கிட்டாருக்கு 12 வோல்ட் வால்வு பெடல்: அக்காவின் டிப்ஸ்

தம்பி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் நெஞ்சு பக்கென்றது. தாத்தாவின் பழைய ரேடியோவைப் பிரித்து, அதன் வால்வு சர்க்கிட்டிலேயே கிட்டாரை மாட்டப் போகிறாயாம். முதலில் அந்தப் பெட்டியை மூடி வை. அந்தக் காலத்து ரேடியோக்களில் பலவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சுவர் மின்சாரம் நேராக உள்ளிருக்கும் இரும்புத் தட்டிலேயே ஏறி நிற்கும். கிட்டார் கம்பியைத் தொடுவதும் பிளக் ஓட்டையில் விரல் விடுவதும் அப்போது ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஏழு வருஷம் சோல்டரிங் மேசையில் உட்கார்ந்தவள். இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள்.

நீ தேடும் அந்தக் கரகரப்பு 12 வோல்ட்டிலேயே கிடைக்கும். 1950களின் நடுவில் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மாறியபோது, அந்த 12 வோல்ட்டிலேயே ஓடும் வால்வுகளைக் கார் ரேடியோவுக்கென்று செய்தார்கள். உனக்கு அவையும் வேண்டாம். 12ஏயு7 வாங்கு. ஐரோப்பியப் பெயர் ஈசிசி82. வழக்கமாக 250 வோல்ட் வரை ஏற்றி ஓட்டும் வால்வுதான் அது. 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் பட்டினி கிடப்பதுபோல் சீக்கிரமே திணறி, ஒலி அலையின் முனைகளை மழுக்கிவிடும். நமக்கு வேண்டியதும் அந்த மழுங்கல்தான்.

பினாங்குத் தீவுக்குப் போனால் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் ஒரு சுற்று சுற்றிப் பார். பெங்களூரு பெல் நிறுவனம் செய்த ஈசிசி83 கண்ணில் பட்டால் வாங்கி வை, ஆனால் ஆம்ப்ளிஃபையருக்கு. அது இதே சாக்கெட்டில் உட்காரும். இருந்தாலும் இவ்வளவு குறைந்த வோல்ட்டில் 82தான் நன்றாக வேலை செய்யும்.

அடாப்டர் விஷயத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வால்வுக்குள் இருக்கும் சூடேற்றும் இழை 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். மற்ற பெடல்களுக்குப் போகும் 9 வோல்ட் ஒயரிலும் சேர்க்காதே. வீட்டில் பழைய வைஃபை பெட்டியின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் கிடக்குமே, அது போதும். ஆனால் பார்: அதன் நடு முனை பெரும்பாலும் பாசிட்டிவ். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடு முனை நெகட்டிவ். மாற்றிச் செருகினாலும் இழை ஒளிரும், அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வாய். உள்ளே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உப்பிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரால் அளந்து பார்த்து, அடாப்டர் தலையில் டேப் ஒட்டி எழுதி வை. அதோடு பாசிட்டிவ் ஒயரில் 1என்5817 டயோடு ஒன்று போடு. அது 0.3 வோல்ட் அளவுதான் விழுங்கும். சாதாரண 1என்4001 போட்டால் முக்கால் வோல்ட் போய்விடும், இழைக்குச் சூடு போதாது.

12 வோல்ட்டை 4, 5 ஆகிய கால்களுக்கு நேராகக் கொடு. 9ஆம் காலை விட்டுவிடு. ஒலிப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, பிறகு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை கிரவுண்டுக்குப் போடு. அடாப்டரின் கீச்சொலி அங்கேயே அடங்கும். கிட்டாரிலிருந்து 47 நானோஃபாரட் வழியாக 2ஆம் கால். அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 மெக் ஓம். 1ஆம் காலுக்கு 220 கிலோ ஓம் வழியாக மின்சாரம். அதே காலிலிருந்து இன்னொரு 47 நானோஃபாரட், பிறகு 500 கிலோ ஓம் கெயின் கன்ட்ரோல், அதன் நடுக் கால் 7க்கு. 6க்கு 100 கிலோ ஓம் வழியாக மின்சாரம். அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் தாண்டி 100 கிலோ ஓம் வால்யூம். 3, 8 இரண்டும் கிரவுண்டு. கடைக்காரர் 400 வோல்ட் கெபாசிட்டர் எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லு. 50 வோல்ட் தாராளம்.

கால்களை எண்ணும்போது சாக்கெட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கம் பார்த்து, இடைவெளியிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணினால் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் மாறிப்போகும். என் முதல் பெடல் இதனால்தான் இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது.

கால் சுவிட்சின் ஒன்பது முனைகளிலும் சோல்டரிங் ஐயர்னை மூன்று விநாடிக்கு மேல் வைக்காதே, பிளாஸ்டிக் இளகிவிடும். ஈயம் தொட்ட கையோடு சோற்றில் கை வைக்காதே. சாப்பாட்டு மேசையிலும் இந்த வேலை வேண்டாம், அம்மா சமைத்துப் பரிமாறும் இடம் அது.

பெட்டி உலோகமாக இருக்கட்டும், கிரவுண்டு அதில் தொட வேண்டும். பிஸ்கட் டின் மிதித்தால் நசுங்கும், கனமான அலுமினியப் பெட்டி வாங்கு. கண்ணாடி வெளியே தெரியும்படி வைத்தால், ஹார்ட்வேர் கடையில் இழுப்பறைக் கைப்பிடி ஒன்று வாங்கி வால்வுக்கு மேலே வளைவாகத் திருகு. காலணி பட்டாலும் உடையாது. வால்வுக்கு அடியில் எல்.இ.டி. வைத்து அழகு காட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இழை செத்துப்போனாலும் வெளிச்சம் இருப்பதால் உனக்குத் தெரியாமல் போகும்.

முதல் தடவை போடும்போது கிட்டாரை மாட்டாதே. விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய ஆரஞ்சு ஒளி வருகிறதா என்று பார். அரை நிமிஷம் பொறு, அதற்கு முன் சத்தம் வராது. பிறகு வால்யூமைத் தாழ்த்தி, கிட்டாரைச் செருகி, பென்சிலால் வால்வை மெதுவாகத் தட்டு. ஆம்ப்ளிஃபையரில் டிங் டிங்கென்று மணிபோல் கேட்டால், சாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் வளையம் போடு. அப்படியும் கேட்டால் வேறு வால்வு மாற்றிப் பார்.


சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அதுவரை சாக்கெட்டை மட்டும் பற்ற வைத்து முடி. மல்டிமீட்டர் நான் கொண்டு வருகிறேன்.