தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் முறுக்க மாற்றி: தொழிற்பாடும் பழுது கண்டறிதலும்

இயந்திரத் தொழினுட்பம் – வலு ஊடுகடத்தல் – மீட்டற் குறிப்பு

இப்பகுதியைக் கற்றபின் நீங்கள்
• முறுக்க மாற்றியின் பிரதான பாகங்களையும் அவற்றின் தொழிலையும் விளக்குவீர்கள்.
• ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணமான பாகத்தை இனங்காண்பீர்கள்.
• கியர்ப்பெட்டியைக் கழற்ற முன்னர் செய்ய வேண்டிய சோதனைகளை ஒழுங்குமுறையில் கூறுவீர்கள்.

1. அறிமுகம்

பேராதனையிலிருந்து கெலிஓயா ஊடாகக் கம்பளை வரை ஏ5 வீதி மகாவலிப் பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கின்றது. கம்பளையைக் கடந்ததும் புசல்லாவை, றம்பொடை வழியாக, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுகின்றது. கெலிஓயாவில் குறையின்றி ஓடிய ஒரு தன்னியக்கக் கியர் வாகனம், புசல்லாவை ஏற்றத்தில் இழுவை குறைந்து சூடாவதுண்டு. சமதரையில் மறைந்திருந்த பழுதைச் சுமை வெளிக்காட்டுகின்றது.

இவ்வேளையில் "கொன்வேர்ட்டர் போய்விட்டது" என்று உடனே முடிவுசெய்வது வழக்கம். முறுக்க மாற்றியையே கராஜ்களில் டோர்க் கொன்வேர்ட்டர் அல்லது சுருக்கமாகக் கொன்வேர்ட்டர் என்பர். அது எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் அமைந்துள்ளது. எனவே அதனைத் தொட வேண்டுமாயின் கியர்ப்பெட்டி முழுவதையும் இறக்க வேண்டும். உண்மையான பழுது எண்ணெயிலோ எஞ்சினிலோ இருந்தால், அவ்வளவு கூலியும் உதிரிப்பாகச் செலவும் வீணாகும், வாகனமும் திருந்தாது. ஆகவே கழற்றாமல் கண்டறிவதே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

2. அமைப்பும் தொழிற்பாடும்

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அது தள்ளும் காற்றினால் மற்றையதும் சுழலும். முறுக்க மாற்றியில் காற்றுக்குப் பதிலாக எண்ணெய் பயன்படுகின்றது. இதன் பாகங்கள் நான்கு.

(அ) பம்பி – எஞ்சினுடன் இணைந்து சுழன்று எண்ணெயை வெளிப்புறமாக வீசும்.
(ஆ) சுழலி – அந்த எண்ணெயினால் தள்ளப்பட்டுக் கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டைச் சுழற்றும்.
(இ) நிலையி – சுழலியிலிருந்து திரும்பும் எண்ணெயின் திசையை மாற்றிப் பம்பிக்கு உதவும் வகையில் அனுப்பும். இது ஒருவழிக் கிளச்சின் மீது பொருத்தப்பட்டுள்ளது.
(ஈ) பூட்டுக் கிளச்சு – வாகனம் சீரான வேகத்தை அடைந்தபின் எஞ்சினையும் சுழலியையும் நேரடியாகப் பிணைக்கும்.

வாகனம் புறப்படும்போது நிலையி அசையாது நின்று எண்ணெயைத் திருப்புவதால் முறுக்கம் பெருகுகின்றது. கார்களில் இப்பெருக்கம் பொதுவாக 2 மடங்கு அளவில் இருக்கும். எஞ்சின் 100 நியூற்றன் மீற்றர் முறுக்கம் தரின், சுழலியில் ஏறக்குறைய 200 நியூற்றன் மீற்றர் கிடைக்கும். சுழலியின் கதி பம்பியின் கதியை நெருங்கும்போது எண்ணெய் நிலையியின் பின்புறத்தில் மோதும். அப்போது நிலையி ஒருவழிக் கிளச்சின் உதவியால் சுயாதீனமாகச் சுழன்று வழிவிட வேண்டும். பழுது கண்டறிதலில் பெரும்பகுதி இந்த இரண்டு நிலைகளிலும் தங்கியுள்ளது.

குறிப்பு: நீரியக்க முறுக்க மாற்றிக்கு ஜேர்மனியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபெற்றிங்கர் 1905 இல் ஆக்கவுரிமை பெற்றார். அது கப்பல்களுக்கென உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 1948 இல் அதனைக் கார்களில் அறிமுகப்படுத்தியது. 1949 இல் பக்கார்ட் நிறுவனத்தின் கியர்ப்பெட்டியில் பூட்டுக் கிளச்சும் சேர்ந்தது.

3. வெப்பம் எவ்வாறு உண்டாகின்றது?

வினைத்திறன் = முறுக்க விகிதம் × கதி விகிதம்

உதாரணம் 1: ஏற்றமொன்றில் முறுக்க விகிதம் 1.5, கதி விகிதம் 0.5 எனின்
வினைத்திறன் = 1.5 × 0.5 = 0.75, அதாவது 75%
எஞ்சினின் வலு 20 கிலோவாற்று எனின், அதில் 5 கிலோவாற்று எண்ணெயில் வெப்பமாக மாறும்.

உதாரணம் 2: பிரேக்கினால் வாகனத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுழற்சிகளில், 100 நியூற்றன் மீற்றர் முறுக்கத்துடன் 5 செக்கன்கள் இயக்கினால், சுழலி அசையாததால் வினைத்திறன் பூச்சியமாகும்.
கோணக் கதி = 2 × 3.14 × 2000 ÷ 60 = 209 (செக்கனுக்கு ஆரையன், அண்ணளவாக)
வலு = 100 × 209 = 20,900 வாற்று, அண்ணளவாக 21 கிலோவாற்று
வெப்பம் = 21 × 5 = 105 கிலோயூல்
மாற்றியினுள் 2 கிலோகிராம் எண்ணெய் உள்ளதெனவும், அதன் தன்வெப்பக் கொள்ளளவு 2000 யூல்/கிலோகிராம் பாகை எனவும் கொண்டால்,
வெப்பநிலை உயர்வு = 105,000 ÷ (2 × 2000) = 26 பாகை செல்சியஸ் (அண்ணளவாக)

வெறும் 5 செக்கன்களில் இவ்வளவு உயர்வு ஏற்படுகின்றது. நீண்ட ஏற்றத்தில், வாகன நெரிசலில் நின்று நின்று ஏறும் வாகனத்தின் எண்ணெய் ஏன் கருகுகின்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

4. அறிகுறிகளும் காரணங்களும்

(அ) புறப்படும்போது இழுவை மிகக் குறைவு. வேகம் பெற்றபின் ஓட்டம் சாதாரணம். நிலையியின் ஒருவழிக் கிளச்சு நழுவுகின்றது, முறுக்கம் பெருகவில்லை.

(ஆ) புறப்படுதல் நன்று. உயர் வேகத்தில் இழுவை இல்லை. எண்ணெய் அதிகம் சூடாகின்றது. ஒருவழிக் கிளச்சு இறுகி, நிலையி சுழல மறுக்கின்றது.

(இ) எல்லா வேகங்களிலும் இழுவை குறைவு. முதலில் எஞ்சினைச் சோதிக்க வேண்டும். காற்று வடி, எரிபொருள் வழங்கல், தீப்பொறிச் செருகி ஆகியன காரணமாகலாம்.

(ஈ) வாகனத்தை நிறுத்தும்போது எஞ்சின் அணைந்துவிடுகின்றது. 'என்' நிலைக்கு மாற்றினால் அணைவதில்லை. பூட்டுக் கிளச்சு விடுபடவில்லை.

(உ) சீரான வேகத்திலும் எஞ்சினின் சுழற்சி வழமையிலும் கூடுதல். எரிபொருள் செலவும் கூடுதல். பூட்டுக் கிளச்சு பிணையவில்லை. அதனை இயக்கும் மின்வால்வு, கம்பி இணைப்பு, எண்ணெய் வெப்பநிலை உணரி ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

(ஊ) அக்சிலேற்றரை மெதுவாக மிதித்து நடுத்தர வேகத்தில் செல்லும்போது, கரடான வீதியில் ஓடுவது போன்ற நடுக்கம். பூட்டுக் கிளச்சு பிடித்தும் நழுவியும் தொழிற்படலாம். எஞ்சினின் ஓர் உருளையில் தகனம் தவறினாலும் இதே உணர்வு ஏற்படும். இரண்டையும் வேறுபடுத்த, சமதரையில், பின்னால் வாகனம் இல்லாதபோது, பிரேக் மிதியை இலேசாகத் தொட வேண்டும். பெரும்பாலான வாகனங்களில் பிரேக் ஆளி பூட்டுக் கிளச்சை விடுவிக்கும். நடுக்கம் உடனே நின்றால் பூட்டுக் கிளச்சையும் எண்ணெயையும், நிற்காவிடின் எஞ்சினையும் சந்தேகிக்க வேண்டும்.

5. சோதனை ஒழுங்கு

படி 1 – வாகனத்தில் முறுக்க மாற்றி உள்ளதா என உறுதிப்படுத்துக. கிளச்சு மிதி இல்லாத எல்லா வாகனங்களிலும் அது இருப்பதில்லை. டொயோட்டா பிரியஸ் வாகனத்தில் முறுக்க மாற்றி கிடையாது. 2013 இல் வெளிவந்த முதலாம் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட் வாகனம் இரட்டைக் கிளச்சுக் கியர்ப்பெட்டி கொண்டது.

படி 2 – எண்ணெய் மட்டம், நிறம், மணம் ஆகியவற்றைப் பார்க்குக. எஞ்சினை இயங்கவிட்டுப் பார்ப்பதா, நிறுத்திப் பார்ப்பதா என்பது வாகனத்துக்கு வாகனம் வேறுபடும், கைந்நூலின்படி செய்க. கருமையும் கருகல் மணமும் கிளச்சுத் தகடுகள் தேய்ந்ததைக் காட்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே இடுக.

படி 3 – ஸ்கேனர் மூலம் பழுதுக் குறியீடுகளை வாசிக்குக.

படி 4 – வாகனத்தை ஓட்டிப் பார்த்து, 4 ஆம் பகுதியில் தந்த அறிகுறிகளுடன் ஒப்பிடுக.

படி 5 – தேவையாயின் மட்டும் ஸ்டோல் சோதனை செய்க. எண்ணெய் இயங்கு வெப்பநிலையில் இருக்க வேண்டும். சில்லுகளுக்குக் கட்டை இட்டு, கைப்பிரேக்கை இழுத்து, பிரேக் மிதியை முழுமையாக அழுத்தி, 'டி' நிலையிலும் 'ஆர்' நிலையிலும் வெவ்வேறாக எஞ்சினின் உயர்ந்தபட்சச் சுழற்சியை அளவிட வேண்டும். ஒரு தடவை 5 செக்கன்களுக்கு மேற்படலாகாது. இரு தடவைகளுக்கிடையே எண்ணெய் குளிர இடம் கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கை: இச்சோதனையைப் பயிற்சி பெற்ற திருத்துநர் மட்டுமே செய்ய வேண்டும். வாகனத்தின் முன்னும் பின்னும் எவரும் நிற்கலாகாது. மாணவர்கள் செய்து பார்க்க வேண்டாம். சில வாகனங்களில் தயாரிப்பாளரே இதனை அனுமதிப்பதில்லை.

பெறுபேற்றை விளங்கிக்கொள்ளல்:
• இரு நிலைகளிலும் குறைவு – எஞ்சின் வலுக்குறைவு, அல்லது நிலையியின் ஒருவழிக் கிளச்சு நழுவல். டொயோட்டா கைந்நூல்கள் சில, குறித்த பெறுமானத்திலும் 600 சுழற்சிகளுக்கு மேல் குறைந்தால் மாற்றியைச் சந்தேகிக்கச் சொல்கின்றன.
• இரு நிலைகளிலும் கூடுதல் – எண்ணெய் அமுக்கம் குறைவு, அல்லது கியர்ப்பெட்டியின் கிளச்சுகள் நழுவல்.
• ஒரு நிலையில் மட்டும் கூடுதல் – அந்நிலைக்குரிய கிளச்சு அல்லது பட்டிப் பிரேக்கின் தேய்வு. முறுக்க மாற்றி இரு நிலைகளுக்கும் பொதுவானது என்பதால் அது காரணமாகாது.

6. மாதிரி வினாக்கள்

வினா 1: கெலிஓயாவிலுள்ள ஒரு திருத்தகத்துக்குக் கொண்டுவரப்பட்ட காரின் ஸ்டோல் பெறுமானம் 'டி', 'ஆர்' இரண்டிலும் நிமிடத்துக்கு 1500 ஆகும். குறித்த பெறுமானம் 2200. எஞ்சின் சோதனையில் குறை எதுவும் இல்லை. சமதரையில் வேகம் பெற்றபின் நன்றாக ஓடுகின்றது. பழுது யாது?
விடை: வித்தியாசம் 700 சுழற்சிகள். எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. குறை புறப்படும்போது மட்டுமே தோன்றுகின்றது. எனவே நிலையியின் ஒருவழிக் கிளச்சு நழுவுகின்றது. மாற்றியைக் கழற்றுவது நியாயமானது.

வினா 2: வேறொரு வாகனத்தில் ஸ்டோல் பெறுமானம் 'டி' நிலையில் மட்டும் கூடுதல், 'ஆர்' நிலையில் சரி. உரிமையாளர் புதிய முறுக்க மாற்றி வாங்க விரும்புகின்றார். உமது ஆலோசனை யாது?
விடை: வாங்க வேண்டாம். மாற்றி பழுதாயின் இரு நிலைகளிலும் வேறுபாடு தெரிந்திருக்கும். முன்னோக்கிய ஓட்டத்துக்குரிய கிளச்சையே சோதிக்க வேண்டும்.

வினா 3: றம்பொடையிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது 'என்' நிலையில் வாகனத்தை விடலாகாது. ஏன்?
விடை: 'என்' நிலையில் எஞ்சினின் தடுப்பு விசை சில்லுகளுக்குக் கிடைப்பதில்லை. முழுச் சுமையும் பிரேக்குகள் மீது விழ, அவை சூடாகிச் செயலிழக்கலாம். 'எல்' அல்லது '2' போன்ற தாழ் கியர் நிலையைப் பயன்படுத்த வேண்டும்.

நினைவிற் கொள்க: ஓர் அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். செலவு குறைந்த, கழற்றத் தேவையில்லாத சோதனையை முதலிலும், கியர்ப்பெட்டியை இறக்குவதை இறுதியிலும் செய்க. பரீட்சையில் விடை எழுதும்போதும் பழுதின் பெயரை மட்டும் எழுதாது, ஏனைய காரணங்களை எவ்வாறு நீக்கினீர்கள் என்பதையும் குறிப்பிடுக.