யாருக்காக வடிவமைக்கிறோம்?

தில்லி மெட்ரோவின் முதல் தடம், சாஹ்தராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே 2002 டிசம்பரில் திறக்கப்பட்டது. அந்த மெட்ரோவின் நிலையங்களில் வழிகாட்டும் புடைப்பு ஓடுகளும் மின்தூக்கிகளும் உண்டு. பார்வையற்றோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் பிறர் துணையின்றிச் செல்ல உதவுபவை இவை. ஆயினும் மின்தூக்கியின் முன் நிற்போரைக் கவனித்தால், முதியோர், கைக்குழந்தையுடன் வரும் தாய்மார், பெட்டி சுமந்த வெளியூர்ப் பயணிகள் எனப் பலரையும் காண்கிறோம். மிகவும் இடர்ப்படுபவரை முன்னிறுத்தி அமைக்கும் கட்டடம் அனைவருக்கும் பயன்படுகிறது.

கைப்பேசிச் செயலிக்கும் இதுவே விதி. இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட 'மணி' செயலி, ரூபாய்த் தாளைக் கேமராவின் முன் பிடித்தால் அதன் மதிப்பைக் குரலால் அறிவிக்கும்; நிறுவிய பின் இணையம் தேவையில்லை. 2022 மார்ச்சில் அறிமுகமான 'யுபிஐ 123பே', சாதாரணக் கைப்பேசியிலும் இணையமின்றிப் பணம் அனுப்ப வழி செய்தது. இரண்டும் பயனரின் நிலையிலிருந்து தொடங்கியவை.

அவ்வாறு தொடங்காவிடில் நேர்வது என்ன? சிறிய எழுத்தையும் விளங்காத சொல்லையும் கண்டு திகைக்கும் முதியவர், அருகிலிருப்பவரிடம் கைப்பேசியோடு இரகசிய எண்ணையும் ஒப்படைக்கிறார். அக்கணமே அவருடைய கணக்கு அவர் கையை விட்டுப் போகிறது.

ஆகவே வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம்: செயலியின் எந்தத் திரையில் தடுமாறினீர்கள், கிளையின் எந்தப் படியில் தயங்கினீர்கள் என்பதைக் கிளை மேலாளரிடம் கூறுங்கள். குறை தெரிந்தால்தான் திருத்த இயலும். இரகசிய எண்ணை மட்டும் எவரிடமும் கூறாதீர்கள்.