பிறமொழிச் சிறுவர் இலக்கியம்: டேவிட் அல்மண்டின் ‘ஸ்கெலிக்’

ஆங்கில எழுத்தாளர் டேவிட் அல்மண்ட் சிறுவர்களுக்கென எழுதிய முதலாவது நாவல் ‘ஸ்கெலிக்’ ஆகும். 1998 இல் வெளிவந்த இந்நாவலுக்கு அவ்வாண்டின் கார்னகி பதக்கம் கிடைத்தது. 2010 இல் இவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருதையும் பெற்றார். 1951 இல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரில் பிறந்த இவர், சிறு வயதிலேயே தம் குழந்தைத் தங்கையையும் பதினைந்தாவது வயதில் தந்தையையும் இழந்தவர். ஆசிரியர் அறிமுகம் எழுதும்போது இவ்விரு இழப்புகளையும் மறவாது குறிப்பிடுங்கள். இந்நாவலில் வரும் நோயுற்ற குழந்தையையும் தந்தையற்ற சிறுமியையும் விளங்கிக்கொள்ள அவை உதவும்.

கதைச் சுருக்கம்

மைக்கேலின் குடும்பம் பழைய வீடொன்றுக்குக் குடிவருகிறது. குறைமாதத்தில் பிறந்த அவனது தங்கைக்கு இதயத்தில் கோளாறு. இன்னும் பெயர்கூட இடப்படாத அக்குழந்தைக்காகத் தாய் வைத்தியசாலையே கதியென்றிருக்கிறாள். தந்தை சுவருக்கு வர்ணம் பூசியபடி கவலையை மறைக்க முயல்கிறார். இடிந்துவிழும் நிலையிலுள்ள வாகனக் கொட்டிலினுள் நுழையும் மைக்கேல், தேயிலைப் பெட்டிகளின் பின்னால் ஒரு மனிதனைக் காண்கிறான். தூசியும் சிலந்தி வலையும் செத்த ஈக்களும் படிந்த உடல். மூட்டுவாதத்தால் இறுகிப்போன கைகால்கள். அவன் கேட்பவை அஸ்பிரின், பியர், சீன உணவுக் கடையின் 27 ஆம், 53 ஆம் இலக்க உணவுகள். அவனது முதுகில் மடிந்து கிடப்பவை சிறகுகள் என்பது பின்னரே தெரியவருகிறது. அவனே ஸ்கெலிக்.

அயல்வீட்டுச் சிறுமி மீனா இவ்விரகசியத்தில் பங்கு பெறுகிறாள். (பெயர் நமக்குப் பழக்கமானதாயினும் அவள் ஆங்கிலச் சிறுமியே, தமிழ்ப் பாத்திரம் என எழுதிவிடாதீர்கள்.) தந்தையை இழந்த அவள் பாடசாலைக்குச் செல்லாது தாயிடமே கற்பவள். மரத்திலேறிப் பறவைகளை வரைபவள். வில்லியம் பிளேக்கின் கவிதைகளை நன்கறிந்தவள். இருவரும் ஸ்கெலிக்கை ஆளில்லா வீடொன்றுக்குக் கொண்டுசென்று பேணுகின்றனர். அவன் தேறுகிறான். சத்திரசிகிச்சைக்கு முன்னைய இரவில், சிறகுடைய ஒருவன் குழந்தையைத் தூக்கி எடுத்ததைத் தாய் காண்கிறாள். அது கனவா நனவா என அவளுக்கே தெரியவில்லை. குழந்தை பிழைக்கிறது. ஸ்கெலிக் விடைபெற்றுச் செல்கிறான். முடிவில் குழந்தைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் ‘ஜோய்’ என்னும் பெயர் சூட்டப்படுகிறது.

ஸ்கெலிக் யார்?

மாணவர் பலர் இவ்வினாவிலேயே புள்ளிகளை இழக்கின்றனர். “ஸ்கெலிக் ஒரு தேவதை” என ஒரே வரியில் முடித்துவிடுவது தவறான விடை. சிறகுகள் தேவதைக்குரியன என்பது உண்மையே. ஆனால் அவன் பூச்சிகளையும் எலிகளையும் தின்கிறான். ஆந்தைகளைப் போலச் சீரணியாத எலும்பையும் தோலையும் உருண்டையாகக் கக்குகிறான். ஆந்தைகள் அவனுக்கு இரை கொண்டுவருகின்றன. நோயும் சலிப்பும் கொண்ட முதியவனாகவும் பேசுகிறான். மனிதன், விலங்கு, பறவை, தேவதை ஆகிய நான்கின் சாயலும் அவனில் உண்டு. ஆசிரியர் எதையும் உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்தியிருந்தால் இது சாதாரண அற்புதக் கதையாகியிருக்கும் என்பதே எமது கருத்து. மூன்று சான்றுகளேனும் காட்டி, ஆசிரியர் இதனைத் திறந்தே விட்டுள்ளார் என நிறுவுங்கள்.

பெயர் பற்றியும் ஒரு குறிப்பு. அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் ‘ஸ்கெலிக் மைக்கேல்’ என்னும் பாறைத்தீவு உள்ளது. இரு முதன்மைப் பாத்திரங்களின் பெயர்களும் அதில் இணைந்து நிற்பதைக் கவனியுங்கள்.

மாதிரி வினா: “மைக்கேலின் துயரம் அவனது செயல்களினூடாகவே வெளிப்படுகிறது.” ஆராய்க.

விடைக்கான வழிகாட்டல்: தங்கை இறந்துவிடுவாளோ என்ற அச்சத்தை மைக்கேல் பெரிதாகப் பேசுவதில்லை. தன் நெஞ்சில் கைவைத்து, தனது இதயத்துடிப்போடு தங்கையின் துடிப்பையும் உணர முயல்கிறான். வைத்தியசாலையில் மூட்டுவாதத்துக்கு என்ன மருந்து என விசாரிக்கிறான். தங்கைக்கு அவனால் எதுவும் செய்ய இயலாது. ஸ்கெலிக்குக்கோ மாத்திரையும் உணவும் கொடுக்கலாம். கையாலாகாத துயரம் பராமரிப்பாக மாறும் இவ்விடமே விடையின் மையமாக அமைய வேண்டும். உதைபந்தாட்ட நண்பர்களான லீக்கி, கூட் ஆகியோரிடமிருந்து அவன் விலகுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். வீட்டில் ஒரு குழந்தை உயிருக்குப் போராடும்போது மைதானத்துக் கேலிப்பேச்சு அவனுக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான். மீனாவிடம் ஒட்டுகிறது, ஏனெனில் இழப்பு என்றால் என்னவென்று அவளுக்கு முன்பே தெரியும்.

மீனாவைப் பற்றித் தனியாக வினா வந்தால், அவளை வெறும் ‘அறிவாளிச் சிறுமி’ எனச் சித்திரிக்க வேண்டாம். அவளது துடுக்கான பேச்சுக்குப் பின்னால் தனிமை உண்டு. மைக்கேல் நண்பர்களோடு விளையாடச் சென்றபோது அவள் கோபங்கொள்வதைச் சான்றாகக் காட்டலாம். 2010 இல் அல்மண்ட் அவளையே முதன்மைப் பாத்திரமாக்கி, இக்கதைக்கு முந்திய காலத்தைக் கூறும் நாவலொன்றையும் எழுதினார்.

பயிற்சி வினாக்கள்

1. குழந்தைக்குக் கதை முடியும்வரை பெயரிடப்படாமை எவ்வகை உணர்வை ஏற்படுத்துகிறது?

2. பாழடைந்த கொட்டில், புதுப்பிக்கப்படும் வீடு, வைத்தியசாலை ஆகிய மூன்று களங்களுக்கும் இடையிலான தொடர்பை விளக்குக.

3. தாய் கண்டது கனவே என ஒருவர் வாதிட்டால் நீங்கள் ஏற்பீர்களா? நாவலிலிருந்து காரணங் காட்டுக.